குளிசையை நிறுத்தலாமா?

"ரிப்போர்ட் நல்லாத்தானே வந்திருக்கு, இன்னும் என்னத்துக்குக் குளிசை?" நாட்பட்ட மைலோயிட் இரத்தப் புற்றுநோயாளர் உள்ள வீடுகளில் எழும் கேள்வி இது. நியாயமானதுதான்.

2001 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் குளிசை, பெருகிவரும் புற்றுக் கலங்களை அழிக்கிறது. ஆனால் அவற்றை ஈன்று தரும் மூலக் கலங்கள் சில எலும்பு மச்சைக்குள் உறங்கிக் கிடக்கும். உறங்குபவற்றை இம்மருந்து கொல்வதில்லை. கோரைப் புல்லைச் செதுக்கிவிட்டுக் கிழங்கை மண்ணில் விட்ட கதைதான்!

2010 இல் வெளியான பிரான்ஸ் ஆய்வொன்றில், ஈராண்டுக்கு மேல் நோயின் தடயமே காணப்படாதவர்கள் குளிசையை நிறுத்தினார்கள். ஓராண்டுக்குள் பத்தில் ஆறு பேருக்கு நோய் திரும்பியது. மாதந்தோறும் பரிசோதித்ததால் உடனே தெரிந்தது. மீண்டும் குளிசை கொடுக்க அடங்கியது.

அடுத்த கிளினிக்கில் இக்கேள்வியை வைத்தியரிடமே கேளுங்கள். அதுவரை ஒரு வேளையும் தவறவிடாதீர்கள்.