கொழுந்தைக் காணோமாம்!



"கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்காதீர்கள். கணினிக்குத் தமிழ் ஒத்துவராது." அண்மையில் ஆசிரியர் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் வழங்கிய அறிவுரை இது. பலர் தலையாட்டினர். எனக்கோ சினம் மூண்டது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கியா பார்மில் மாலை வேளைகளில் மாணவர் சிலருக்குப் பழைய கணினிகளில் லினக்ஸ் கற்பித்து வருகிறேன். கட்டளை வரியில் கோப்புப் பெயரின் முதலெழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால், எஞ்சியதைக் கணினியே நிரப்பிவிடும். மாணவி ஒருத்தி, தேயிலை பறிக்கும் தன் தாயாரைப் பற்றிய கட்டுரைக்குக் 'கொழுந்து' எனப் பெயரிட்டிருந்தாள். உறவினரின் பழைய ஆப்பிள் கணினியில் எழுதிச் சுருக்கக் கோப்பாகக் கொண்டுவந்தது அது. 'கொ' எனத் தட்டி டேப் அழுத்தினாள். அசைவே இல்லை. "ஐயா, கொழுந்தைக் காணோம்!" என்றாள். கோப்போ திரையிலேயே இருந்தது.

குற்றம் தமிழினுடையதா? ஒருங்குறியில் 'கொ'வின் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு எண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆப்பிளின் பழைய கோப்பு முறைமை பிரித்தே சேமித்தது. எங்கள் விசைப்பலகை சேர்த்தே தட்டுகிறது. எண்களை மட்டும் ஒப்பிடும் பாஷ் இரண்டையும் வேறென்று கருதிக் கைவிரித்தது.

இன்னொன்றும் உண்டு. 'க' என்று தட்டினால் கடலை, கீரை, கேழ்வரகு எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். கணினிக்குக் 'கீ' என்பது 'க'வோடு ஒட்டிய குறி. நம் பிள்ளைகளுக்கோ அது 247 எழுத்துகளில் தனியோர் எழுத்து. நம் அரிச்சுவடியைக் கணினி அறியாது. அறிவிக்க வேண்டியவர் நாமல்லவா?

அறிவிக்க வழியும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பாஷ் 2.04 முதல், டேப் விசை எதை நிரப்ப வேண்டும் என்பதை நாமே செயற்கூறாக எழுதலாம். தட்டிய சொல்லைச் செயற்கூறு பெற்றுக்கொள்ளும்; பொருந்தும் பெயர்களைப் பட்டியலாகத் திருப்பித் தரும்; 'கம்ப்ளீட்' என்னும் கட்டளை அதை நமக்கு வேண்டிய கட்டளையோடு பிணைக்கும். அவ்வளவே. ஒப்பிடுமுன் பிரிந்த கொம்பையும் காலையும் சேர்த்துவிட்டேன். தட்டிய எழுத்தை அடுத்துத் துணைக்குறியோ புள்ளியோ வந்தால் அப்பெயரைத் தள்ளிவிட்டேன். இப்போது 'க' என்றால் கடலை மட்டுமே.

டெனெக்ஸ் இயங்குதளத்தில் இருந்த இவ்வசதியைக் கென் கிரீர் என்பவர் 1981இல் யுனிக்ஸின் சி ஷெல்லுக்குக் கொண்டுவந்தார். தமக்கு வேண்டியதைத் தாமே எழுதிக்கொண்டார். நாமோ கணினியைத் திருத்த முயலாமல் பிள்ளையின் பெயரிடலைத் திருத்துகிறோம்! 'கொழுந்து' ஆங்கில எழுத்தில் 'கே'யில் தொடங்குமா, 'சி'யில் தொடங்குமா என்று அந்தப் பிள்ளை திகைப்பது மட்டும் எளிதோ?

கட்டளைகளையும் தமிழாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அவை அப்படியே இருக்கட்டும். பிள்ளை தன் படைப்புக்கு இட்ட பெயரில் கைவைக்காதீர்கள் என்கிறேன்.

செயற்கூறு இருபது வரிக்குள் அடங்கியது. 'கௌ' என்னும் எழுத்துக்கும் இதே சிக்கல் உண்டு. அதை அந்த மாணவியே சேர்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த கூட்டத்திற்கு அவளையும் அழைத்து வருவேன்.