ஓப்பல் விடைபெற்று 20 ஆண்டுகள்: கார் நிறுவனம் வெளியேறினால் உரிமையாளருக்கு யார் பொறுப்பு?

புதுதில்லி: ஜெர்மனியின் ஓப்பல் பெயர் தாங்கிய கார்களின் விற்பனை இந்தியாவில் 2006-ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டில் கடைசியாகப் பதிவு செய்யப்பட்ட கார்கள் தற்போது 20 வயதை எட்டுகின்றன.

தனியார் கார்களின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதன் பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்கு உட்படுத்திப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தியது. இந்தத் தொகையைச் செலுத்திக் காரை வைத்துக்கொள்வதா, பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுவதா என்பதே எஞ்சியிருக்கும் ஓப்பல் உரிமையாளர்களின் முன்னுள்ள கேள்வி.

இது ஒரு சில பழைய கார்களோடு முடிந்துவிடும் பிரச்சினை அல்ல. ஓப்பலுக்குப் பின் செவர்லே, ஃபியட், ஃபோர்டு ஆகிய பெயர்களும் இந்தியக் கார் விற்பனையிலிருந்து விலகின. ஒரு கார் 15 ஆண்டுகள் ஓடக்கூடும். அதை விற்ற நிறுவனம் அத்தனை ஆண்டுகள் இங்கே இருக்குமா என்பதற்கு வாங்குபவரிடம் எழுத்துபூர்வமான உறுதி எதுவும் இல்லை. அந்த இடைவெளியின் சுமை யார் மீது விழுகிறது என்பதை ஓப்பலின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தையல் இயந்திரத்தில் தொடங்கிய நிறுவனம்

ஜெர்மனியின் ரூசல்ஸ்ஹைம் நகரில் 1862-ஆம் ஆண்டு ஆடம் ஓப்பல் என்பவர் தையல் இயந்திரங்களைத் தயாரிக்கத் தொடங்கினார். 1886-இல் மிதிவண்டிகள் சேர்ந்தன. அவர் 1895-இல் மறைந்த பின்னர், குடும்பத்தினர் 1899-இல் கார் தயாரிப்பில் இறங்கினர். 1924-இல் பச்சை நிறச் சிறிய கார் ஒன்றை நகரும் தொடர் உற்பத்தி முறையில் தயாரித்து, ஜெர்மனியில் அம்முறையைக் கையாண்ட முதல் கார் நிறுவனம் என்ற பெயரை ஓப்பல் பெற்றது.

நிறுவனத்தின் போக்கை மாற்றிய ஆண்டு 1929. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஓப்பலின் 80 சதவீதப் பங்குகளை வாங்கியது. 1931-இல் எஞ்சிய பங்குகளும் அதன் வசம் வந்தன. அதன் பின்னர் ஓப்பல் காரின் வடிவமைப்பும் தயாரிப்பும் ஜெர்மனியில் நடந்தாலும், எந்த நாட்டில் நுழைவது, எந்த நாட்டிலிருந்து வெளியேறுவது என்ற இறுதி முடிவு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் எடுக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், போர் இழப்பீடாக ஓப்பலின் கடெட் காருக்கான தயாரிப்பு வசதிகளைச் சோவியத் ஒன்றியம் கொண்டு சென்றது. அதே கார் அங்கு மாஸ்க்விச் என்ற பெயரில் வெளிவந்தது. ஒரே காரை வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு பெயர்களில் விற்பது பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் வழக்கமான வணிக முறையாகவே ஆனது. இந்திய உரிமையாளர்களுக்கு அதுவே ஒருபுறம் குழப்பத்தையும் மறுபுறம் ஓரளவு ஆறுதலையும் தந்தது.

ஹாலோல் முதல் சாலை வரை

ஜெனரல் மோட்டார்ஸுக்கு இந்தியா புதிய நாடல்ல. 1928-இலேயே மும்பையில் கார்களைப் பாகங்களாக இறக்குமதி செய்து பொருத்தும் ஆலையை அது தொடங்கியது. உள்நாட்டில் முழுமையாகத் தயாரிக்கும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் தொடர முடியாது என்று 1950-களில் மத்திய அரசு கொள்கை வகுத்ததையடுத்து, 1954-இல் அந்த ஆலை மூடப்பட்டது.

தாராளமயமாக்கலுக்குப் பின் இரண்டாவது வருகை நிகழ்ந்தது. சி.கே.பிர்லா குழுமத்துடன் கூட்டு சேர்ந்து 1994-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா நிறுவனம் உருவாக்கப்பட்டது. குஜராத்தின் ஹாலோல் ஆலையில் தயாரான ஓப்பல் ஆஸ்ட்ரா 1996-இல் விற்பனைக்கு வந்தது. மாருதி 800, அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகியவையே பெரும்பாலும் காணப்பட்ட சாலைகளில், கனமான கதவுகளும் நெடுஞ்சாலையில் அசையாத ஓட்டமும் கொண்ட ஆஸ்ட்ரா தனித்துத் தெரிந்தது. 2000-ஆம் ஆண்டில் கோர்சாவும் அதைத் தொடர்ந்து அதன் பிற வடிவங்களும் வந்தன.

எனினும் விற்பனை எண்ணிக்கையில் மாருதி, ஹூண்டாய் நிறுவனங்களை ஓப்பல் நெருங்கவில்லை. இதன் விளைவு கணக்கேட்டில் மட்டும் எதிரொலிக்கவில்லை. கார்கள் குறைவாக விற்றால் உதிரிபாகங்களை உள்நாட்டில் தயாரிக்கச் சிறு தொழிற்சாலைகள் முன்வருவதில்லை. பெரிய நகரங்களுக்கு வெளியே சர்வீஸ் மையங்கள் திறக்கப்படுவதில்லை. தனியார் மெக்கானிக்குகளும் அந்த வண்டியைப் பழகிக்கொள்வதில்லை. மாருதி கார் பழுதானால் சிற்றூரிலும் சரிசெய்யலாம், ஓப்பல் பழுதானால் நகரத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் வாங்குவோரிடம் பரவியது. அது மறுவிற்பனை விலையைக் குறைத்தது. குறைந்த மறுவிற்பனை விலை புதிய கார் விற்பனையை மேலும் குறைத்தது.

பெயர் மாறியது, பொறுப்பு தேய்ந்தது

2003-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தனது செவர்லே பெயரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. முதலில் வந்த ஆப்ட்ரா, கொரியாவின் டேவூ நிறுவனம் உருவாக்கிய கார். டேவூவின் கார் தொழிலை ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கு முன்பே வாங்கியிருந்தது. டேவூவின் சொந்தப் பெயரில் இந்தியாவில் விற்ற சியலோ கார், ஓப்பல் கடெட்டின் அடித்தளத்தில் உருவானது என்பது குறிப்பிடத்தக்கது. டேவூவும் இந்தியாவிலிருந்து வெளியேறிய நிறுவனமே. அதன் மாட்டிஸ் காரின் அடுத்த தலைமுறை, பின்னர் செவர்லே ஸ்பார்க் என்ற பெயரில் இங்கு வந்தது.

2006-இல் ஓப்பல் பெயர் முற்றிலும் கைவிடப்பட்டது. நிறுவனம் நாட்டைவிட்டு வெளியேறாததால், ஓப்பல் உரிமையாளர்கள் அதே நிறுவனத்தின் செவர்லே சர்வீஸ் மையங்களை நாட முடிந்தது. முதல் சில ஆண்டுகளுக்கு இது போதுமானதாக இருந்தது. ஆனால் புதிதாக விற்கப்படாத காருக்கான பாகங்களைக் கிடங்கில் இருப்பு வைப்பதில் எந்த நிறுவனத்துக்கும் ஆதாயம் இல்லை.

2017-ஆம் ஆண்டு இரண்டு பக்கங்களிலும் கதவு அடைபட்டது. அந்த ஆண்டு மார்ச்சில், பல ஆண்டுகளாக நட்டத்தில் இயங்கிய ஓப்பலையும் அதன் பிரிட்டிஷ் இணை நிறுவனமான வாக்ஸ்ஹாலையும் பிரான்ஸின் பி.எஸ்.ஏ. குழுமத்துக்கு விற்பதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. நிதிப் பிரிவையும் சேர்த்து அதன் மதிப்பு 220 கோடி யூரோ. ஏப்ரலில் ஹாலோல் ஆலையில் உற்பத்தி நின்றது. மே மாதம், ஆண்டு இறுதியுடன் இந்தியாவில் செவர்லே விற்பனையும் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஓப்பலைப் பிரெஞ்சு நிறுவனமும், ஹாலோல் ஆலையைச் சீனாவின் எஸ்.ஏ.ஐ.சி. நிறுவனமும் பெற்றன. ஏற்றுமதிக்காக மட்டும் இயங்கிய மகாராஷ்டிரத்தின் தளேகாவ் ஆலை 2020 டிசம்பரில் நின்று, பின்னர் ஹூண்டாய் வசம் சென்றது.

ஆலைகளுக்குப் புதிய உரிமையாளர்கள் கிடைத்தனர். பழைய வாடிக்கையாளர்களுக்கான கடமையை அவர்களில் யாரும் ஏற்கவில்லை. ஆலையை மட்டும் வாங்கியவர்கள் என்பதால் ஏற்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. வாரண்டி, சர்வீஸ், உதிரிபாக விநியோகம் ஆகியவை தொடரும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. அது நிறுவனம் தானாக முன்வந்து அளித்த வாக்குறுதியே தவிர, காலவரையறை கொண்ட சட்டக் கடமை அல்ல.

உரிமையாளரின் கணக்கு

கைவிடப்பட்ட கார் ஒரே நாளில் ஓடாமல் போவதில்லை. பிரேக் பேட், வடிகட்டி, பேட்டரி, டயர் போன்றவற்றைப் பிற நிறுவனங்களும் தயாரிக்கின்றன. கோர்சாவின் அதே தலைமுறை பிரேசிலில் செவர்லே பெயரில் 2010-களிலும் விற்கப்பட்டதால், வெளிநாட்டிலிருந்து பாகங்களைத் தருவிக்கும் வழியும் சிலருக்கு இருந்தது. டெல்லி காஷ்மீரி கேட், மும்பை குர்லா, சென்னை புதுப்பேட்டை ஆகிய சந்தைகளில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பாகங்களைத் தேடுவது மற்றொரு வழி.

சிக்கல் தொடங்குவது அந்த காருக்கு மட்டுமே பொருந்தும் பாகங்களில்தான். முன்கண்ணாடி, விளக்குகள், கதவுத் தகடு, என்ஜின் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றுக்கு மாற்று இல்லை. ஒரு பாகத்துக்காக வாரக்கணக்கில் பணிமனையில் நிற்கும் கார், அன்றாடம் அலுவலகம் செல்லும் குடும்பத்துக்குப் பயன்படாத சொத்தாகிறது.

காப்பீடும் உரிமையாளருக்கு எதிராகவே திரும்புகிறது. 5 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களுக்கும், தயாரிப்பு நிறுத்தப்பட்ட மாடல்களுக்கும் காப்பீட்டு மதிப்பு நிலையான அட்டவணைப்படி கணக்கிடப்படுவதில்லை. நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்ய வேண்டும். பழுதுபார்க்கும் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கார் முழு இழப்பாகக் கருதப்படும். சந்தையில் விலைபோகாத காருக்குக் குறைந்த மதிப்பே கிடைக்கும். கிடைப்பதற்கரிய பாகத்தின் விலையோ அதிகம். இதனால் நடுத்தர விபத்து ஒன்றே நன்றாக ஓடும் காரைக் கழிவுப் பொருளாக்கிவிடலாம்.

நிறுவனம் வெளியேறும் அறிவிப்பு வெளியாகும் நாளிலேயே இந்த இழப்பு தொடங்கிவிடுகிறது. காரின் எந்தப் பாகமும் அன்று பழுதாகவில்லை. ஆனால் அதன் விலை சரிகிறது. கடன் வாங்கிக் கார் வாங்கியவர், சந்தை மதிப்பை விட அதிகமான தொகைக்குத் தவணை கட்டும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

சட்டத்தில் உள்ள இடைவெளி

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளுக்கும் சேவைக் குறைபாட்டுக்கும் இழப்பீடு கோர வழிசெய்கிறது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், பாதுகாப்புக் குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. இவ்விரண்டும் காரில் உள்ள குறையையோ சேவையில் உள்ள குறையையோ மையமாகக் கொண்டவை. குறையற்ற காரை விற்றுவிட்டு நிறுவனம் விடைபெறும்போது, எத்தனை ஆண்டுகளுக்குப் பாகங்கள் கிடைக்க வேண்டும் என்பதை அவை வரையறுக்கவில்லை.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தபோது, வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றுடன் வாகனங்களையும் நான்கு துறைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24-இல் அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. ஆயினும் அது நிறுவனங்கள் தகவல்களை வெளியிடுவதற்கான ஏற்பாடாகவே உள்ளது. 2025 மே மாதம் அளிக்கப்பட்ட பழுதுபார்ப்புக் குறியீட்டு அறிக்கையும் கைபேசிகளையும் மின்னணுப் பொருட்களையும் பற்றியதே.

வாகன விற்பனையாளர் கூட்டமைப்பான ஃபாடா, நிறுவனங்கள் திடீரென வெளியேறுவதிலிருந்து முகவர்களைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று கோரி வருகிறது. முதலீடு செய்த முகவருக்கு அப்படியொரு குரல் இருக்கிறது. கார் வாங்கியவருக்கு அத்தகைய அமைப்பு இல்லை.

இப்போது ஏன் முக்கியம்

மும்பையில் டெஸ்லாவின் முதல் விற்பனையகம், தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் ஆலை என 2025-இல் மட்டும் புதிய பெயர்கள் பல வந்துள்ளன. போட்டி அதிகரிப்பது வாங்குவோருக்கு நன்மையே. ஆனால் மின்சார கார்களில் பேட்டரியும் மென்பொருளும் நிறுவனத்துடன் பிணைந்தவை. 2024 ஜூனில் அமெரிக்காவின் ஃபிஸ்கர் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியபோது, அதன் கார்களை வாங்கியவர்கள் பாகங்களுக்கும் மென்பொருள் ஆதரவுக்கும் தாங்களே சங்கம் அமைத்துப் போராட வேண்டியதாயிற்று. ஆஸ்ட்ராவின் பழைய என்ஜினை ஒரு மெக்கானிக் பிரித்துப் பார்க்கலாம். மென்பொருளை அவ்வாறு பிரித்துப் பார்க்க அவரால் இயலாது.

ஓப்பலின் கதையில் மற்றொரு செய்தியும் உண்டு. பி.எஸ்.ஏ. வசம் சென்ற ஓப்பல், மறு ஆண்டே செயல்பாட்டு லாபம் ஈட்டியது. 2021 முதல் அது ஸ்டெல்லாண்டிஸ் குழுமத்தின் அங்கம். அக்குழுமம் தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்தில் சிட்ரோயன் கார்களைத் தயாரிக்கிறது. அந்த முயற்சிக்குத் தொடக்கத்தில் கூட்டாளியாக இருந்தது, 1994-இல் ஓப்பலுக்கு இந்தியாவில் வழியமைத்த அதே சி.கே.பிர்லா குழுமம். நிறுவனங்கள் விற்கப்பட்டு, இணைந்து, புதிய பெயரில் மீண்டும் வருகின்றன. வாங்கியவருக்கு அப்படி இரண்டாவது தொடக்கம் வாய்ப்பதில்லை.

குறைந்தபட்ச உதிரிபாகக் காலத்தை விற்பனை ஒப்பந்தத்திலேயே குறிப்பிடச் செய்வதும், வெளியேறும் நிறுவனம் அக்காலம் முடியும்வரை அதற்கான நிதியைத் தனியே ஒதுக்க வேண்டும் என விதிப்பதும் அரசால் செய்யக்கூடியவை. அதுவரை, கார் வாங்குவோர் விலையையும் மைலேஜையும் கேட்பதோடு மேலும் மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது. என்ஜினும் கியர்பாக்ஸும் அதிகம் விற்கும் வேறு கார்களிலும் உள்ளனவா? பாகங்கள் உள்நாட்டில் தயாராகின்றனவா? அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு வெளியே அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் தம் ஊரில் இருக்கிறாரா? இம்மூன்றுக்கும் ஆம் என்ற பதில் கிடைத்தால், நிறுவனம் நாளை போனாலும் கார் ஓடும்.