பேர் வெட்டினால் கணக்கையும் அன்றே தீர்!

தொழிலாளத் தோழர்களே! கிராணி நண்பர்களே!

வேலைக்குச் சேரும்போது ஒரே நாளில் பேர் பதிகிறார்கள். மறுநாள் விடியுமுன் பெரட்டில் வந்து நில் என்கிறார்கள். வெட்டிய பால் கட்டியாகிவிடும், சீக்கிரம் கொண்டு வா என்று விரட்டுகிறார்கள். எல்லாம் அவசரம்! ஆனால் அதே தொழிலாளி, "நான் போகிறேன், என் கணக்கைத் தீருங்கள்" என்று ஆபீஸ் வாசலில் நின்றால் அந்த அவசரம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

"அடுத்த சம்பளத்தோடு பார்க்கலாம்." "துரை வெளியூர் போயிருக்கிறார்." "முதலில் வீட்டைக் காலி செய்." இவைதாம் பதில்கள். இது சின்னத் தாமதந்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். சின்னதா? 10-ம் தேதி விலகுகிறவனுக்கு அடுத்த மாதம் 7-ம் தேதிதான் பழைய தோட்டத்துக் காசு கிடைக்கும் என்றால், புதிய இடத்திலும் அன்றுதான் முதல் சம்பளம். இடையில் நான்கு வாரம் அடுப்பு எதைக்கொண்டு எரியும்? லாரிக் கூலியை யார் கொடுப்பது? பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு யாரிடம் கைநீட்டுவது? கடன்காரனிடந்தானே!

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. 1955-ம் ஆண்டு வேலைச் சட்டம் தீபகற்ப மலேசியாவில் இன்றும் அமலில் இருக்கிறது. வேலையில் இருப்பவனுக்குச் சம்பள காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் தரவேண்டும் என்பது அதன் 19-ம் பிரிவு. ஆனால் வேலை முடிந்தவனுக்கு விதி வேறு. முறைப்படி நோட்டீஸ் கொடுத்து விலகினால் வேலை முடிகிற அன்றைக்கே முழுக் கணக்கும் தீரவேண்டும் என்கிறது 20-ம் பிரிவு. நோட்டீஸ் இல்லாமல் முதலாளி விலக்கினாலும் அன்றைக்கேதான். நோட்டீஸ் இல்லாமல் தொழிலாளி விலகினால் 3 நாளுக்குள். இது 21-ம் பிரிவு. "அடுத்த சம்பள நாள்" என்ற பேச்சே அங்கே கிடையாது!

பிடித்தம் விஷயமும் அப்படித்தான். எதைப் பிடிக்கலாம் என்பதை 24-ம் பிரிவு வரையறுத்திருக்கிறது. கொடுத்த முன்பணத்தைப் பிடிக்கலாம். அதற்கு வட்டி பிடிக்கக் கூடாது. தவறிக் கூடுதலாகக் கொடுத்ததைப் பிடிக்கலாம்; அதுவும் முந்திய 3 மாதக் கணக்கு மட்டுமே. ஆபீசில் நினைத்ததையெல்லாம் எழுதிக் கழித்துவிட முடியாது. எடுக்காத ஆண்டு விடுமுறைக்கும், ஒழுங்கீனத்துக்காக விலக்கப்பட்டாலன்றி, காசு உண்டு.

நம் பக்கத்துப் பிழையையும் மறைக்கமாட்டோம். கோபத்தில் கத்தியை வீசிவிட்டு மறுநாள் பெரட்டுக்கு வராமல் போகிறவர்கள் உண்டு. நோட்டீஸ் காலத்துச் சம்பளத்தை முதலாளி திருப்பிக் கேட்க அது வழிவிடுகிறது. எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், 2 வருடத்துக்குக் குறைந்த வேலைக்கு 4 வாரம், 2 முதல் 5 வருடத்துக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம் நோட்டீஸ். இது இரு தரப்புக்கும் ஒன்றே. எழுதிக் கொடுங்கள், நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும்.

இன்னொரு கண்ணியையும் கவனியுங்கள். ஆட்களைக் குறைக்கும்போது சில இடங்களில் "நீயாகவே ராஜினாமா எழுதிக் கொடு" என்கிறார்கள். ஏன் இந்த அக்கறை? ஆள்குறைப்பில் விலக்கப்பட்டவனுக்கு 1980-ம் ஆண்டு விதிகளின்படி 5 வருடமும் அதற்கு மேலும் உழைத்திருந்தால் ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம் உண்டு. அதுவும் 7 நாளுக்குள். தானாக விலகியவனுக்கு அது இல்லை! இருபது வருடம் பால் வெட்டியவன் ஒரு கையெழுத்தில் இழப்பது 400 நாள் சம்பளம். புரியாத காகிதத்தில் பேனா வைக்காதீர்கள்!

காண்டிராக்டரிடம் வேலை செய்கிறவர்களும் சோர வேண்டாம். அவன் ஓடிப்போனால், அவனுக்கு வேலை கொடுத்தவரும் 3 மாதம் வரையிலான சம்பளத்துக்குப் பொறுப்பு என்கிறது 33-ம் பிரிவு. ஆனால் 90 நாளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். இன்று நம்மோடு நிரையில் நிற்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் கூலி அமுங்கினால் நம் கூலியும் அமுங்கும்.

கிராணி நண்பர்களே! செக்ரோல் உங்கள் கையில் இருக்கிறது. கணக்கைத் தாமதப்படுத்தச் சொல்வது மேலிடமாக இருக்கலாம்; தாமதிக்கிற பேனா உங்களுடையது. நாளை உங்கள் பேரும் வெட்டப்படும். அன்று ஆபீஸ் வாசலில் நிற்கப்போவது நீங்கள்தாம்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். நாம் கணக்குப் பார்க்காமல் இருப்பதால் யாருக்கு மிஞ்சுகிறது என்பதை யோசியுங்கள்! சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். கணக்குத் தீராவிட்டால் சங்கக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். தொழிலிலாகாவில் புகார் எழுதிக் கொடுங்கள். விசாரித்து உத்தரவு போட 69-ம் பிரிவு அவர்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. வக்கீலைத் தேடி அலைய வேண்டியதில்லை.

நாம் பிச்சை கேட்கவில்லை. வெட்டிக் கொடுத்த பாலுக்குக் கூலி கேட்கிறோம்.

பேர் வெட்டிய அன்றே கணக்கைத் தீர்! அதற்குக் குறைந்த எதற்கும் தலையாட்டாதீர்!