மருமகள் வாங்கிய துவக்கு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் என் மருமகள், அதாவது தமக்கையின் மகள், சென்ற மாதம் ஒரு துவக்கு வாங்கினாள். செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபந்தான், அதை மறைப்பதற்கில்லை. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது ஆறு வயதுக் குழந்தையாகத் திருகோணமலையை விட்டுப் போனவள் அவள். துவக்குகளிடமிருந்து தப்புவதற்காகவே கடல் கடந்த ஒரு குடும்பத்தில், முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் ஒருத்தி தன் சம்பளப் பணத்தைக் கொடுத்து அதே பொருளை வீட்டுக்குள் கொண்டுவருகிறாள்.

ஆனால் அவள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. ஊருக்கு வெளியே தனித்த வீடு, இரவுப் பணி, துணைக்கு வயோதிபத் தாய் ஒருத்தி. அந்த நாட்டின் சட்டம் அவளுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. அவள் கேட்டது வேறு. "மாமா, தோளில அடிக்குமெண்டு பயமாக் கிடக்கு. என்னென்ன பூட்டினா உதை குறையும்?" என்று கேட்டு, பதினொரு உதிரிச் சாமான்களின் பட்டியலொன்றையும் அனுப்பியிருந்தாள். யுத்தகாலம் முழுவதும் ஆயுதங்களின் பெயர்களை எழுதிப் பிழைத்தவன் என்பதால் மாமாவுக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் போலும். பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். துவக்கின் விலையைச் சாமான்களின் விலை தாண்டியிருந்தது. மணப்பெண்ணை விட நகைப்பெட்டி பாரமான கதைதான்.

அவள் வாங்கியது ரூகர் நிறுவனத்தின் 9 மில்லிமீற்றர் கார்பைன். கைத்துப்பாக்கிக்குரிய சிறு ரவையை, தோளில் அணைத்துச் சுடும் நீண்ட குழலுக்குள் இட்டுச் சுடுவது இவ்வகை. அமெரிக்கச் சந்தையில் இன்று இது பெரிய மோகம். ஆயினும் எங்கள் துறைமுகப் பட்டினத்துக்கு இது புதிய சங்கதியன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை இதே 9 மில்லிமீற்றர் ரவைக்கு லான்செஸ்டர் என்ற ஆயுதத்தை ஏற்றுக்கொண்டது. பித்தளையாலான ரவைக்கூட்டுப் பொருத்தி, முனையில் நீண்ட சனியன் மாட்டுவதற்கு இடம், நான்கு கிலோவைத் தாண்டும் எடை. 1957இல் பிரித்தானியர் இங்குள்ள தளத்தைக் கையளித்துப் போகும்வரை அவர்களுடைய கிழக்குக் கடல் வாழ்வின் நடுவிடமாக இருந்தது இந்தத் துறைமுகம். பின்னர் வந்தது 1953இல் பிரித்தானியத் தரைப்படை ஏற்றுக்கொண்ட ஸ்டேர்லிங். இந்தியாவின் கான்பூரில் உற்பத்தியான அதன் வடிவத்துக்குப் பெயரே கார்பைன் தான். 1987இல் இந்தியப் படையினர் இங்கு வந்திறங்கியபோது, பக்கவாட்டில் ரவைக்கூடு நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குட்டையான ஆயுதத்தைக் கண்ட என் தலைமுறையினர் அதை மறக்கமாட்டார்கள். ஆனால் அவை தானியங்கிகள். மருமகள் வாங்கியது விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு ரவை மட்டும் போவது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எழுதினால் வாசகர் மிரண்டுவிடுவார்.

இனி உதைக்கு வருவோம். எனக்கு உதையைப் பற்றி நேரடியாகத் தெரிந்தது ஒரேயொரு நாள். என் பதினேழாவது வயதில், கந்தளாயில் உறவினர் ஒருவரின் வயலில், பன்றிக்காவலுக்கு வைத்திருந்த பன்னிரண்டு போர் துவக்கை வாங்கி ஒரு வெடி வைத்தேன். பிடங்கைத் தோளோடு இறுக்காமல் சற்றே விலக்கிப் பிடித்திருந்தேன். நாலு நாள் வலது கையால் சோற்றைப் பிசைய முடியவில்லை. அந்தத் தோட்டாவில் ஏறத்தாழ 32 கிராம் ஈயச் சன்னங்கள் இருக்கும். மருமகளின் 9 மில்லிமீற்றர் ரவையின் எடை ஏழரைக் கிராம். இரண்டும் புறப்படும் வேகத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆக, ஒரே எடையுள்ள இரு துவக்குகளில், அவளுடைய தோளில் விழுவது என் தோளில் விழுந்ததில் நாலில் ஒரு பங்குகூட இராது. இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. கணக்கை எழுதி அனுப்பிய பிறகும் நம்பவில்லை.

அவளுடைய நம்பிக்கையின்மையில் ஒரு நியாயமும் உண்டு என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். இவ்வகைக் கார்பைன்களில் பெரும்பாலானவற்றில் ரவை வெடிக்கும் கணத்தில் குழலின் பின்புறத்தைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு கிடையாது. போல்ட் எனப்படும் இரும்புக் கட்டையின் பாரமே தடை. அந்தக் கட்டை பின்னோக்கி ஓடி முட்டும்போது, ரவையின் சிறுமைக்குப் பொருந்தாத ஓர் அதிர்வு தோளுக்கு வரும். பூட்டிச் சுடும் ரைபிள்களில், ரவை பலமானதாயிருந்தும், உதை மெதுவாகத் தெரிவதுண்டு. "சின்ன ரவை, உதையே இராது" என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி வாங்குபவர் முதல் நாளே ஏமாறுவது இதனால்தான். முக்கிய பிரமுகர்களின் பாதுகாவலர் கைகளில் நாம் பார்த்துப் பழகிய ஜேர்மன் எம்.பி. 5இல் இதற்காகவே உருளைகளைக் கொண்டு போல்டைத் தாமதிக்கும் பொறிமுறை வைத்தார்கள். ரூகர் காரர் வேறு வழி பிடித்தார்கள்: போல்டுக்குள் அசையக்கூடிய டங்ஸ்டன் எடையொன்றை வைத்து முட்டலை மழுங்கடித்தார்கள். அதாவது அவள் பயந்த அதிர்வுக்கான பெரிய வைத்தியம் கடையிலேயே துவக்குக்குள் வைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே பட்டியலில் பேனாவை வைத்தேன்.

முதலில் வெட்டியது குழல் முனையில் பூட்டும் பிரேக்கை. வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதையைக் குறைப்பது அதன் வேலை. பலத்த ரைபிளில் அது அற்புதம். ஆனால் 9 மில்லிமீற்றர் தோட்டாவில் இருப்பதோ ஒரு சிட்டிகை மருந்து. பதினாறு அங்குலக் குழலின் முனைக்கு வருவதற்குள் அதன் வேகம் தணிந்துவிடும். திருப்புவதற்கு வாயு இல்லாத இடத்தில் பிரேக்குக்கு என்ன வேலை? சத்தத்தை மட்டும் சுடுபவரின் காதுப் பக்கம் திருப்பிவிடும். அவளுக்கு அது செய்யப்போவது முழுத் தீமை. லேசர், கூடுதல் ரவைக்கூடுகளைச் செருகும் பை, முன்பிடிகள் இரண்டு, நிறம் மாற்றும் உறை எல்லாவற்றையும் அடுத்தடுத்து வெட்டினேன். பாரங்கூடினால் உதை குறையும் என்பது உண்மைதான். ஆனால் மெலிந்த கையொன்று முன்புறம் பாரமான துவக்கைப் பத்து நிமிடம் தாங்கிப் பார்க்கட்டும், பிறகு பேசலாம். குழலை மட்டும் கனவிலும் வெட்டக்கூடாது என்றேன். 1934இல் வந்த அவர்களுடைய கூட்டாட்சிச் சட்டப்படி, பதினாறு அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய ரைபிள் தனிப் பதிவுக்குரியது; அழகுக்காகச் செய்த வேலை குற்றமாய் முடியும்.

வெட்டாமல் விட்டவை மூன்று. பிடங்கின் நீளத்தைச் சரிசெய்யும் தட்டுகள் துவக்கோடேயே வருகின்றன; அவற்றைக் கழற்றித் தன் கைக்குப் பொருந்தும் நீளத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஆறடி ஆணுக்கு அளவான பிடங்கை ஐந்தடிப் பெண் அணைத்தால், அது தோளின் குழியில் நில்லாமல் புயத்தின் எலும்பில் நிற்கும். உதைபட்ட பலருடைய கதை இதுதான். இரண்டாவது, செம்புள்ளி காட்டும் நோக்கி. கழுத்தை வளைத்துக் கன்னத்தை நசுக்காமல் தலையை நிமிர்த்திப் பார்க்கலாம். மூன்றாவது, விளக்கு. இதில் நான் கண்டிப்பாக இருந்தேன். அந்த வீட்டின் இருட்டில் ஓர் உருவம் அசைந்தால், அது கள்வனாக இருப்பதைவிடத் தண்ணீர் குடிக்க எழுந்த என் தமக்கையாக இருப்பதற்கே சாத்தியம் அதிகம்.

பட்டியலில் இல்லாத ஒன்றை நான் சேர்த்தேன். காதுறை, அதுவும் ஒன்றன்று, காதுக்குள் ஒரு செருகி, அதன்மேல் ஒரு மூடி. துவக்கின் ஓசை 140 டெசிபலைத் தாண்டும். முதன்முறை சுடுபவர் கண்ணை மூடி விசையைப் பறிப்பதற்குத் தோளைவிடக் காதுதான் பெரிதும் காரணம் என்பது பயிற்றுநர்கள் எல்லோரும் சொல்வது. எங்களுக்கு அதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. எங்கள் கடலில் இன்றும் சிலர் சட்டத்தை மீறி டைனமைட் வைத்து மீன் பிடிக்கிறார்கள். உட்துறைமுக வீதியில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் தூரத்தே 'தொம்' என்றொரு சத்தம் கேட்டால், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் அனைவரும் ஒரே கணத்தில் தலையைத் திருப்புவதையும், அருகிலிருக்கும் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பதையும் நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். என் தமக்கை ஜூலை 4ஆம் திகதி வாணவேடிக்கை முடியும்வரை குளியலறைக்குள் இருந்துகொள்வாள். மருமகள் தோளைப் பற்றிக் கேட்டாளே தவிர, அவளுடைய உடம்பு உதைக்கு முன்னமே அஞ்சுகிறது என்பதை நான் அப்போதே ஊகித்தேன். ரப்பர் மெத்தை அதற்கு மருந்தாகாது.

இங்குள்ளவர்களுக்கு இந்த வாய்ப்புகள் எதுவும் இல்லை என்பதும் நினைவுக்கு வருகிறது. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படை. பயிர்காக்கும் கமக்காரனுக்குக் கிடைக்கக்கூடியது வருடாவருடம் புதுப்பிக்கவேண்டிய பன்னிரண்டு போர் அனுமதிப் பத்திரந்தான். தற்பாதுகாப்புக்கென வழங்கிய துவக்குகளையும் 2024 நவம்பர் 7ஆம் திகதிக்கு முன் தற்காலிகமாகக் கையளிக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்தது. அந்தக் கட்டுப்பாட்டில் எனக்குக் குறையொன்றும் இல்லை. இந்த மண் பார்த்த துவக்குகள் போதும். குறை வேறொன்றில் இருக்கிறது. அனுமதி கொடுக்கும் எவரும், வாங்குபவர் அந்த உதையைத் தாங்குவாரா, பிடங்கு அவர் கைக்குப் பொருந்துமா என்று பார்ப்பதில்லை. மூதூர்ப் பக்கத்தில் கணவனை இழந்த பெண்ணொருத்தி, காவற்பரணில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு வானத்தை நோக்கித்தான் சுடுவதாக என்னிடம் சிரித்தபடி சொன்னார். பன்றிக்கும் அது தெரிந்திருக்கவேண்டும்.

சென்ற ஞாயிறு மருமகள் அழைத்தாள். பயிற்றுநர் அவளுக்குத் தெரியாமல் ரவைக்கூட்டுக்குள் வெற்றுத் தோட்டாக்களையும் கலந்து வைத்திருக்கிறார். ஏழாவது தடவை விசையை அழுத்தியபோது வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை மட்டும் ஒரு சாண் கீழே போய் வந்தது. "அடிக்கவேயில்லை மாமா, நான்தான் அடிபட்டமாதிரி ஆடினன்" என்றாள். பிறகு ஐம்பது ரவைகள் சுட்டாளாம். தோளில் ஒரு தழும்பும் இல்லை. எட்டுச் சாமான்களையும் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தப் பணத்தில் சுவரோடு பூட்டும் இரும்புப் பெட்டியொன்று வாங்கியிருக்கிறாள்.

தொலைபேசியைத் தமக்கையிடம் கொடுக்கச் சொன்னேன். உனக்குப் பயமில்லையா அக்கா என்று கேட்டேன்.

"பயமில்லாமலென்ன," என்றாள். "திறப்பு என்னட்டைத்தான் கிடக்கு."