பரீக்ஷை முந்தியா, மருந்து முந்தியா?

சாட்சியை விசாரிப்பதற்கு முன்பே தீர்ப்பெழுதும் நியாயாதிபதியை எந்தக் கக்ஷிக்காரனும் ஒரு கணமும் சகிக்கமாட்டான். நம் தேசத்து வைத்தியசாலைகள் பலவற்றில் தினந்தோறும் நடப்பதோ இதுவே. ஜ்வரம் என்றதும், கிருமி எது, அது எம்மருந்துக்கு அடங்கும் என்று விசாரியாமலே ஆண்டிபயாடிக் எழுதப்படுகிறது. அது பலியாவிட்டால் இன்னொன்று. அதுவும் பலியாவிட்டால் அதனினும் விலையுயர்ந்த ஊசி.

விசாரிக்கும் வழி அரிதன்று. நோயாளியின் இரத்தத்திலோ சிறுநீரிலோ உள்ள கிருமியை வளர்த்து, அகார்க் கூழ் நிரம்பிய தட்டின்மீது பரப்பி, மருந்தூட்டிய சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைத்து ஓரிரவு விடுகிறார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி முளையாத வட்டத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். வில்லையின் ஓரம்வரை கிருமி வளர்ந்திருந்தால் அம்மருந்து வீண். பாயர், கெர்பி முதலியோர் 1966-இல் ஒழுங்குபடுத்திய முறை இது. ஆதியோடந்தம் இரண்டு மூன்று தினங்கள் பிடிக்கும்.

"அதுவரை நோயாளி சாகட்டுமா?" என்று சில வைத்தியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே. உயிர் ஊசலாடும்போது மருந்தைத் தாமதிக்கும்படி எவரும் சொல்லவில்லை. முதல் ஊசிக்கு முன் இரத்தம் எடுத்தனுப்புங்கள், முடிவு வந்ததும் மருந்தை மாற்றுங்கள் என்றே சொல்லுகிறோம். மருந்து ஏறிய பின் எடுத்த இரத்தத்தில் கிருமி வளராமலே போகலாம், சாட்சி கலைந்துவிடும்.

புது டில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரிடம் 2008-இல் ஸ்வீடனில் ஒரு கிருமி அகப்பட்டது. கார்பபெனம் என்ற உயர்ந்தரக மருந்துகளையே சிதைக்கும் அதன் நொதிக்கு நம் தலைநகரின் பெயரைச் சூட்டினார்கள். 2010-இல் இதைப்பற்றி லான்ஸெட் குழுமத்துப் பத்திரிகையில் விரிவான கட்டுரை வெளிவந்ததும், தேசத்துக்கு அவதூறு என்று பார்லிமெண்டிலும் கூச்சல் கிளம்பிற்று. பெயர் சூட்டியது தகாது என்பதே நம் அபிப்பிராயமும். ஆயினும் அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த குமாரசாமி கார்த்திகேயன் என்பதை எத்தனை பேர் கவனித்தார்கள்? கோபித்தவர்கள் அந்த ஊக்கத்தில் பாதியைப் பரிசோதனைச் சாலைகள் நிறுவுவதில் காட்டியிருக்கலாம்.

கார்பபெனமும் தோற்றால் கோலிஸ்டின் என்ற பழைய மருந்தை நாடுகிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டது அது. அதன் மூலக்கூறு பெரிதாகையால் அகாரில் சரியாகப் பரவுவதில்லை. வில்லைப் பரீக்ஷை அதனிடம் பொய் சொல்லும். திரவத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து சோதிப்பதே 2016 முதல் நிபுணர்கள் விதித்துள்ள முறை. கைதேர்ந்த ஆட்களும் நல்ல சாமான்களுமின்றி இது நடவாது. தவறான பரீக்ஷை, பரீக்ஷையே இல்லாததைவிட அபாயகரமானது.

உணவுக்கான கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் கோலிஸ்டின் கொடுப்பதை 2019-இல் இந்திய சர்க்கார் தடுத்தது மெச்சத்தக்கது. அந்தக் கை இன்னும் நீளவேண்டும். ஜில்லா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் கிருமி சாஸ்திர நிபுணர் ஒருவர் இருக்கவேண்டும். ஏழை நோயாளிக்கு இப்பரீக்ஷை இலவசமாக நடக்கவேண்டும். எந்த மருந்து எத்தனை பங்கு தோற்றது என்ற கணக்கை ஆஸ்பத்திரிகள் வருஷந்தோறும் வெளியிடவேண்டும். சட்டசபையில் சுகாதார மானியம் விவாதத்துக்கு வரும்போது, நம் பிரதிநிதிகளில் ஒருவராவது எழுந்து இக்கணக்கைக் கேட்பாரா?