ஸ்டியரிங் ஆடுது... வெல்டிங் வைத்தால் போதுமா?

திருப்பூரில் பனியன் துணி ஒரு இடத்தில் நிற்பதில்லை. நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்குப் போகும். அங்கிருந்து காம்பாக்டிங். பிறகு கட்டிங், பிரிண்டிங், தையல், அயர்ன், பேக்கிங். ஒரு பனியன் பெட்டிக்குள் அடங்குவதற்குள் ஊரை நாலு சுற்று சுற்றி வந்துவிடும்!

சுமந்து சுற்றுவது யார்? சின்னச் சின்ன சரக்கு வண்டிகள்தான். அந்த வண்டியின் ஸ்டியரிங் எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டதுண்டா?

சமீபத்தில் ஒரு பட்டறை வாசலில் காதில் விழுந்த பேச்சு இது:

"ஏனுங்கண்ணா, இந்த பால் ஜாயிண்டுல ஒரு பொட்டு வெல்டிங் வெச்சுக் குடுங்க. சனிக்கிழமை வாடகை வந்துருமுங்க. அப்புறம் புதுசு மாத்திக்கறேன்."

"தம்பி, சனிக்கிழமை வரைக்கும் நீ இருக்கோணுமில்ல?" என்றார் மெக்கானிக்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல இது.

அந்த டிரைவரைத் திட்டவும் மனசு வரவில்லை. வண்டித் தவணை, டீசல், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு நிற்கும்? காசு இல்லாதவனுக்குப் புத்திமதி மட்டும் சொன்னால் போதாது. குறைந்த காசில் எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று சொல்ல வேண்டும்.

பத்து நிமிடச் சோதனை

நாலு சக்கர சரக்கு வண்டிகள் பலவற்றில் முன் சக்கரம் திரும்புவது 'கிங் பின்' என்ற தடித்த ஆணியைச் சுற்றித்தான். ஆணிக்கும் அச்சுக்கும் நடுவில் புஷ். கிரீஸ் வறண்டால் புஷ் தேயும். ஓவர்லோடு ஏற்றிப் பள்ளத்தில் இறக்கினால் இன்னும் சீக்கிரம் தேயும்.

பின் சக்கரத்துக்குக் கல் அணை கொடுத்து, முன் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடுகிறதா? ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங்கைக் கவனியுங்கள். நிற்காவிட்டால் கிங் பின் தேய்ந்திருக்கிறது. அடுத்து பிரேக்கை விட்டு, இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் டை ராடு முனையில் இருக்கும் பால் ஜாயிண்டைப் பாருங்கள். காலணா செலவில்லை!

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

கிரீஸில் பிடிக்கலாம். நிப்பிளில் முறையாக கிரீஸ் அடித்து வந்தால் கிங் பின்னுக்கு ஆயுசு கூடும். பால் ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்த உடனே மாற்றினால், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகாது. ஜாயிண்டே தப்பித்துவிடும்.

புஷ் கிடைக்கவில்லையா? கன்மெட்டலில் நல்ல லேத்காரரிடம் கடைந்து வாங்கலாம். திருப்பூரிலும் பக்கத்துக் கோவையிலும் லேத்துக்கா பஞ்சம்? ஆனால் அளவு பார்த்து ரீமர் போட்டுப் பொருத்த வேண்டும். தேய்ந்த பின்னில் புது புஷ் போடுவது வீண் செலவு. கழற்றும்போதே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டால் கூலி ஒரு தடவையோடு போகும். கடைசியில் அலைன்மென்ட் பார்த்தால் டயர் காசும் மிச்சம்.

எங்கே கூடாது?

பால் ஜாயிண்டில் வெல்டிங் கூடவே கூடாது. அந்தப் பின் சூட்டுப் பதம் கொடுத்துச் செய்தது. வெல்டிங் சூடு பட்டால் பதம் கெட்டுப் போகும். பார்க்கக் கெட்டியாக இருக்கும். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். சுத்தியலால் தட்டி இறுக்குவது, புஷ்ஷுக்குப் பதில் தகரம் சுற்றுவது, ஸ்பிளிட் பின் இடத்தில் ஆணியை மடக்கி வைப்பது, பழைய இரும்புக் கடை பால் ஜாயிண்டை மாட்டுவது... எல்லாம் ஒரே ரகம்தான்.

நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி உடைந்தால் துணியில் கோடு விழுகிறது. ஊசியை ஒட்டவைத்து யாராவது ஓட்டுகிறார்களா? உடனே புது ஊசி! துணிக்குக் காட்டும் அக்கறையை உயிருக்குக் காட்டக் கூடாதா?

கடலில் சுக்கான் உடைந்த படகுக்குச் சுற்றிலும் தண்ணீராவது இருக்கும். பல்லடம் ரோட்டிலும் அவினாசி ரோட்டிலும் ஷிப்டு விடும் நேரத்தில் சுற்றிலும் ஜனம் அல்லவா இருக்கிறது!

முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை

எப்.சி. இருக்கிறதே என்பார்கள். சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறை எப்.சி. வாங்க வேண்டும் என்பது சட்டம். புஷ் தேய்வதோ தினமும்!

ஆகவே பாரம் ஏற்றி அனுப்புகிறவர்களும் பொறுப்பேற்க வேண்டும். அளவுக்கு மேல் ரோலை அடுக்காதீர்கள். சனிக்கிழமைதோறும் சம்பளம் போடும் ஊர் இது. அன்றே வண்டி வாடகையையும் பாக்கி வைக்காமல் தீர்த்துவிடுங்கள். பால் ஜாயிண்ட் வாங்க டிரைவர் முன்பணம் கேட்டால், முகம் சுளிக்காமல் கொடுத்து வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள். சரக்கு உங்களுடையதுதானே?

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. ஸ்டியரிங் முறிந்த வண்டி அப்படியல்ல. அது ஓடும். எங்கே போய் நிற்கும் என்பதுதான் தெரியாது!