தீயணைக்க அழைப்பவர்கள் தண்ணீரும் தரவேண்டும்

ஹட்டன் பக்கம் மழை கொட்டும் ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாவில் காய்ந்த காற்றுதான் வீசும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை மலைகளில் மானாப்புல் சருகாகிவிடும். மேய்ச்சலுக்கோ வேட்டைக்கோ யாரோ வைக்கும் தீ, மலைக்கு மலை தாவும். புகை லயத்துக்குள் வந்து படியும்.

புகை என்றால் நாம் இருமலைத்தான் நினைக்கிறோம், தோலை நினைப்பதில்லை. சட்டி துலக்கும் சாம்பலை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் பட்டதும் அடிப்பிடித்த கரியையே அறுத்தெடுக்கும் காரம் அதில் இருக்கிறது. அந்தச் சாம்பல் வியர்வையோடு கழுத்திலும் கைமடிப்பிலும் ஊறினால் தோல் எரியும், தடிக்கும், வெடிக்கும். கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கு அரிப்பு இன்னும் கூடும்.

நம்மால் முடிந்ததை நாம் செய்வோம். முழுக்கைப் பருத்திச் சட்டை போடுவோம். வீட்டுக்கு வந்ததும் உடுப்பை மாற்றி, தேய்க்காமல் மெதுவாகக் கழுவி, ஈரம் காயுமுன் கிரீம் ஏதாவது பூசுவோம். சாம்பல் படிந்த உடுப்போடு பிள்ளையைத் தூக்கவேண்டாம். தீ சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்கவேண்டும். பற்பசை, எண்ணெய் எதுவும் பூசக்கூடாது. கொப்புளத்தை உடைக்கக்கூடாது. பெரிய காயமானால் 1990 அம்புலன்சை அழையுங்கள்.

ஆனால் கழுவு, கழுவு என்று சொன்னால் போதுமா? தீ பரவும் அதே மாதங்களில்தான் பீலியும் வற்றுகிறது. குடிக்கவே குடம் தூக்கி நடப்பவர்கள் எதைக்கொண்டு கழுவுவது?

இன்னொன்றும் இருக்கிறது. தேயிலை மலைக்குப் பக்கத்தில் தீ வந்தால், பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு அடித்தணைக்க நாம்தான் ஓடவேண்டும். இடுப்பில் பிளாஸ்டிக் படங்கு, காலில் சிலிப்பர். பிளாஸ்டிக்கும் நைலோனும் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கோலத்தில் ஒருவரையும் தீக்கு முன்னால் அனுப்பக்கூடாது.

ஆகவே நிர்வாகங்களிடம் நாம் கேட்கவேண்டியது இவைதான். காய்ந்த மாதங்களில் லயங்களுக்கும் வேலைத்தலத்துக்கும் பவுசரில் தண்ணீர் வரவேண்டும். புகை மூடிய மலையில் வேலை நிறுத்தப்பட்டால் அன்றைய பேர் வெட்டப்படக்கூடாது. தீயணைக்கப் போகிறவர்களுக்குப் பயிற்சியும், பூட்ஸும், தடித்த பருத்தி உடுப்பும், முகக்கவசமும் வேண்டும்.

சுட்ட காயம் சிறிதானாலும் அன்றே தோட்ட ஆஸ்பத்திரியில் பதியுங்கள். வேலையில் நேரும் விபத்துக் காயத்துக்கு நட்டஈடு கேட்கும் உரிமையை 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தந்திருக்கிறது. நிர்வாகம் சொல்லித் தீயணைக்கப் போவதும் வேலைதான். பதிவு இல்லாவிட்டால் சங்கத்தின் வாதத்துக்குப் பலம் இல்லை.

தோட்டத் தலைவர்களே, மாதர் தலைவிகளே, மானாப்புல் பச்சையாக இருக்கும்போதே இதைக் கமிட்டியில் எடுங்கள். புகை வந்த பிறகு பேசினால் யார் காதிலும் விழாது.